தேருக்குச் சேலை கட்டியவர்

அவர் தோளில் எப்போதும் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒன்று அவருக்கு. இன்னொன்று, அன்றைக்கு யாருக்குத் தேவைப்படுமோ அவருக்கு.

எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு இருந்த வருஷங்கள் அவை. காரைக்காலில் கிடையாது. நாகப்பட்டினம் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து குடித்துவிட்டு, திரும்பிப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எங்கள் தெருமுனையில் கிடப்பார்கள். ஆள் ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கம். நாங்கள் எதிர்ச்சாரிக்கு நகர்ந்துவிடுவோம். அவர் மட்டும் நேராக அருகில் போவார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டாவது துண்டை ஓர் உதறு உதறி, சரியாக இடுப்பின்மேல் விழும்படி போடுவார். திட்டமாட்டார். எழுப்பமாட்டார். வீட்டுக்குள் போய் வேறொரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்.

"போன துண்டு திரும்பி வருமா, மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவன் திருப்பிக் கொண்டாந்து குடுத்தா, நான் அவன் மூஞ்சியப் பாக்கணுமே. வேணாம்மா."

பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோதே மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். அதனால் தெருவுக்கு அவர் 'முசே', பிரெஞ்சில் 'ஐயா'. எனக்குப் பக்கத்து வீட்டு மாமா. பெயரை எழுதப் போவதில்லை. அவர் மகள் இருக்கிறாள். தவிர, அவரைக் கேட்டிருந்தால் அதையும் மூடியே வைக்கச் சொல்லியிருப்பார்.

தன்னுடைய வெட்கம் எல்லாருக்கும் உண்டு. அவர் பட்டது பிறருக்கான வெட்கம். ஜவுளிக்கடையில் பொம்மைக்குப் புடவை மாற்றிக்கொண்டிருந்தால் வாசலிலிருந்தே, "பலகையச் சாத்திட்டு மாத்துப்பா" என்று குரல் கொடுப்பார். முடிவெட்டும் கடையில் நடிகை படம் போட்ட காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். கறிக்கடைக்காரரிடம், தோலுரித்துத் தொங்கவிட்ட ஆட்டின்மேல் ஒரு சாக்கைப் போடச் சொல்லி மன்றாடினார். கடைக்காரர், "முசே, அது செத்துப்போச்சு, அதுக்கு என்ன மானம்?" என்றார். "பாக்குறவனுக்கு இருக்குல்ல" என்றார் இவர்.

என் திருமணத்தைப் பதிந்தவரும் அவர்தான். 1976, வைகாசி. எங்கள் பெயர், தகப்பனார் பெயர், ஊர் எல்லாவற்றையும் தலை நிமிராமல் கேட்டு எழுதினார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. "சந்தோஷமா இருங்க" என்று மைக்கூட்டைப் பார்த்துச் சொன்னார். எத்தனையோ கல்யாணங்களைப் பதிந்த கை அது. ஒரு தம்பதியின் முகத்தையாவது அவர் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இனி தேருக்கு வர வேண்டும்.

எங்கள் கோயில் தேர் நடுத்தரமானது. எப்போது செய்தது என்று அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. அதன் மேல்தட்டில் யாளி, குதிரை, கடவுள் உருவங்கள். அடித்தட்டில், சக்கரத்துக்குச் சற்று மேலே, சாண் அகலச் சதுரங்கள். அவற்றில் ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் சிற்பங்கள். நிற்பவர்கள், சாய்ந்தவர்கள், பின்னிக் கிடப்பவர்கள். இத்தகைய சிற்பங்களுக்கு என்ன பொருள் என்று நான் பிறகு நிறையப் படித்திருக்கிறேன். இடி விழாது என்பார்கள். கண்ணேறு படாது என்பார்கள். ஆசையை வெளிச்சுவரிலேயே விட்டுவிட்டு உள்ளே போ என்று பக்தனுக்குச் சொல்வதாகச் சிலர். அறம், பொருள் போல இன்பமும் ஒரு பேறுதானே, அதை ஏன் ஒளிக்க வேண்டும் என்று சிலர். விளைச்சலுக்கும் மழைக்கும் முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. எல்லாம் சரியாக இருக்கலாம். எங்கள் தெருவில் அவற்றுக்கு இருந்த உபயோகத்தை மட்டும் எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

தேர் ஆண்டு முழுவதும் நாலு பக்கமும் தகரம் அடித்த கொட்டகைக்குள் நிற்கும். தேரோட்டத்தன்றும் அடித்தட்டைச் சீலையும் தென்னங்குருத்தும் மறைத்துவிடும். வைகாசித் தேரோட்டத்துக்கு முன், சித்திரையில் ஒரு நாள், தெருப் பெண்கள் இலுப்பை எண்ணெய் போட்டு மரத்தைத் தேய்ப்பார்கள். அன்றைக்கு ஆண்கள் கொட்டகைப் பக்கம் வரமாட்டார்கள். கல்யாணம் நிச்சயமான பெண் தெருவில் இருந்தால் அவளுக்கு அடித்தட்டு. 1976 சித்திரையில் என்னை உட்கார வைத்தார்கள். "இடுக்குலல்லாம் நல்லா விட்டுத் தேய்" என்பதைத் தவிர யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் சதுரத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. மேலே யாளிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, எனக்கு முதுகைக் காட்டியபடியே, "கை நிக்கக் கூடாதுடி" என்றார்.

நிற்கவில்லை. மாலைக்குள் எல்லாச் சதுரத்தையும் தேய்த்து முடித்தேன். வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. எங்கள் அம்மாக்களுக்கு வாய் வராத ஒரு விஷயத்தை அந்த மரம்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமா ஓய்வு பெற்றது 1977 ஜூன். புயல் வந்தது அதே வருஷம் நவம்பர். கொட்டகைத் தகரங்கள் தெரு தாண்டிப் பறந்தன. தேர் அசையவில்லை. மறுநாள் காலையில் முதல்முறையாகத் தேர் பட்டப்பகலில், பஸ் போகிற சாலை ஓரத்தில், வெறும் உடம்போடு நின்றது.

அதற்குப் பிறகு அந்த வழியாகப் பெண்கள் நடப்பது கஷ்டமாகிவிட்டது. எல்லை தாண்டி வந்தவர்கள் கூட்டமாக நின்று விரலை நீட்டிச் சிரித்தார்கள். மீன் கூடையோடு போன ஒரு பெண்ணை ஒருவன், "ஏய், இங்க பாரு, ஒன்னை மாதிரியே ஒருத்தி" என்று கூப்பிட்டான். மாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று அவர் மகள் வந்து சொன்னாள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்ட பெண். அப்போது மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர்தான் தேர்க் கமிட்டித் தலைவர். கேட்க ஆள் இல்லை. 1978 தை கடைசியில் (மாசி முதல் வாரம் என்பார் என் கணவர்) சிவப்புத் துணி வாங்கினார். காற்றில் தூக்காமலிருக்க உள்ளே படுதா வைத்துத் தைக்கக் கொடுத்தார். தையற்காரர், "ஜன்னலுக்கா முசே?" என்று கேட்டதற்கு, "ஆமா, ஜன்னலுக்குத்தான்" என்றாராம். அளவெடுத்ததும் அவரே. ஆணி அடித்ததும் அவரே, ஊர் அடங்கிய மத்தியான வெயிலில். குருக்கள் உதவிக்கு ஆள் அனுப்பட்டுமா என்றபோது, "வேணாம் சாமி. நான் ஒருத்தன் பாத்தது போதும்" என்றார்.

மூடினால் அடங்கிவிடும் என்று நினைத்தார். நேர்மாறாக நடந்தது. முன்பு போகிறபோக்கில் பார்த்தவர்கள், இப்போது நின்று, குனிந்து, ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். இடப்பக்கம் கடைசிச் சதுரத்தின் துணி, கை பட்டுப் பட்டுக் கிழிந்தே போனது. கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்துக்கு, "சேலைத் தேரெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் சரித்திரம் நடத்துகிறவள். பஸ்ஸில் என் மாணவிகள் இருக்கும்போது அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இறங்குவேன். அவர் இன்னும் நிறைய ஆணி அடித்தார்.

தேர் வெட்டவெளியில் நின்ற 1978-இல் பெண்கள் எண்ணெய் போடவில்லை. 1979-இல் புதுக் கொட்டகை வந்தது. சேலை மட்டும் போகவில்லை. அந்தச் சித்திரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனவர்களிடம், "அடித்தட்டு வேணாம்மா. துணியில கறை படும்" என்றார். நாங்கள் சரி என்றோம். அதற்கும் எண்ணெய் போட வேண்டும் என்று எங்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்னவென்று சொல்வது? அந்தப் பழக்கம் எங்கள் கண்ணெதிரில் இப்படித்தான் நின்றது.

1983 ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, பட்டதாரி. மாப்பிள்ளை பக்கத்து ஊரான நெரவி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பொங்கல் கழித்து அவர் பிரான்சுக்குப் போகிறார், மனைவியும் கூடப் போக வேண்டும் என்று ஏற்பாடு. அந்த வருஷம் சித்திரையில் அவளும் எண்ணெய் போட வந்திருந்தாள். தேர்ச்சக்கரத்தைத் தேய்த்தாள்.

ஆவணி முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

தெருவில் பேசாத பேச்சில்லை. அப்பா மகளைக் கேட்கவில்லை. கேட்க முடியாது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் கதவு கதவாகச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். ஒரு சாயங்காலம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"அவுங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா. நான்தான் கத்திட்டேன். அவுங்க பயந்துபோயி வெளியில உக்காந்துட்டாங்க. மறுநாளும் அப்புடித்தான். அவுங்களும் அழுதாங்க."

"யாரும் ஒண்ணும் சொல்லலியாடி ஒனக்கு?"

"யாரு சொல்லுவா? அப்பாவா?" என்றாள். பிறகு, "ஒங்களுக்கு யாருக்கா சொன்னா?"

"தேரு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என்னால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. புத்தகம் புத்தகமாகப் படித்தவள், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புரட்டாசியில் மாப்பிள்ளையின் அக்கா வந்தார். திட்ட வந்தவர் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்குள் பெண்ணை அனுப்பினால் கூட்டிப் போகலாம், இல்லாவிட்டால் தம்பி தனியாகப் போவான், அப்புறம் இந்தக் கல்யாணத்துக்கு அர்த்தமில்லை என்றார். மாமா உட்காரச் சொல்லி விசிறியை நீட்டினார். பெண் வெளியே வரவில்லை. அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. படியிறங்கி, தெருவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மரப்பொம்மைக்கே சேல கட்டுற வூட்டுல பொண்ணெடுத்தோம் பாருங்க, எங்களச் சொல்லணும்."

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். மாமா இரண்டாவது துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். யார்மேல் போடுவதென்று தெரியாதவர் போல அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

அடுத்த சில நாட்கள் அவரைக் காணவில்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, தேருக்கு எண்ணெ போடணும்."

"இப்பயா மாமா? வைகாசியிலதானே தேரு?"

"ஈரம் ஏறுது. போட்டுடணும்." குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளையும் கூட்டிட்டுப் போம்மா. அவ... அவ அடித்தட்டுக்கு உக்காரட்டும்."

அந்த வழக்கம் அவருக்குத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இறந்துபோன அவர் மனைவியும் எங்கள் தெருப்பெண்தான். அவரும் ஒரு சித்திரையில் அங்கே உட்கார்ந்திருப்பார். அது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

நாங்கள் போவதற்கு முன்பே அவர் ஆணிகளைப் பிடுங்கியிருந்தார். துணியை மட்டும் எடுக்கவில்லை. நானும் பெரியம்மாவும் அவளும் உள்ளே போனோம். அவர் வெளியே, தகரச் சுவருக்கு முதுகைக் கொடுத்து, மழையில் குடை பிடித்து நின்றுகொண்டார்.

முதல் துணியை நான்தான் இழுத்தேன். துணியோடு மரமும் வந்தது.

உள்ளே வைத்துத் தைத்த படுதா ஐந்து மழைக்காலத்து ஈரத்தையும் கடற்காற்றின் உப்பையும் பிடித்து வைத்திருக்கிறது. காற்றும் இல்லை, எண்ணெயும் இல்லை. செல் அரித்த மரம் மாவாகக் கொட்டியது. ஒரு முழங்கை, ஒரு கொலுசுக் கால், பாதி முதுகு. அடுத்த சதுரமும் அப்படியே. அடுத்ததும். மேலே யாளியும் குதிரையும் எண்ணெய் மினுங்க நின்றன.

இடப்பக்கம் கடைசிச் சதுரம் மட்டும் பிழைத்திருந்தது. எல்லாரும் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கிழித்த துணி அதன்மேல்தான் இருந்தது. அந்தக் கிழிசல் வழியாகக் காற்று போயிருக்கிறது.

அவள் அதன்முன் உட்கார்ந்தாள். ஒருவர் மடியில் ஒருவராக இருவர். பெண்ணின் கை ஆணின் மோவாயைத் தாங்கியிருக்கும். அவள் கை நின்றுவிட்டது.

"கை நிக்கக் கூடாதுடி" என்றார் பெரியம்மா. ஆனால் இந்த முறை முதுகைத் திருப்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது ஒண்ணுதான் மிஞ்சிச்சு. மத்ததெல்லாம் என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், கேட்டுக்க" என்று ஆரம்பித்தார். பாதியில் வாய் அடைத்துக்கொண்டது. "நீ சொல்லுடி, நீதானே வாத்திச்சி" என்று என்னைத் தள்ளினார். நான் சொன்னேன். காலியாகக் கிடந்த ஒவ்வொரு சதுரத்தின் முன்னும் நின்று, முகம் எரிய எரிய, இருந்ததை இருந்தபடி சொன்னேன். அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டே முதலில் அழுதாள். பிறகு ஒன்றிரண்டு கேட்டாள். ஓர் இடத்தில் பெரியம்மா திருத்தினார். அதைக் கேட்டு மூன்று பேரும் சிரித்துவிட்டோம். தகரத்துக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று உடனே நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டோம். எட்டிப் பார்த்தேன். ஒரு துண்டைத் தலையைச் சுற்றிக் காதுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

தீபாவளிக்கு அழைப்பதாகச் சொல்லி மாப்பிள்ளையை வரவழைத்தார்கள். அவள் அவரோடு போனாள். தை கடைசியில் இருவரும் பிரான்சுக்குப் புறப்பட்டார்கள். அதற்குமேல் அவர்கள் விஷயத்தில் எனக்குத் தெரிய வேண்டியது எதுவுமில்லை.

மாமாவுக்கு அது போதவில்லை. மரம் அழிந்தது அவர் கட்டிய துணியால்தானே. தேரை இழுக்கும் நாளில் வழக்கமாக வடத்துக்குப் பக்கத்தில் நடப்பவர், 1984-இல் கூட்டத்தின் கடைசியில் வந்தார். அடித்தட்டின் பள்ளங்களைப் புதுச் சீலையும் தென்னங்குருத்தும் மறைத்திருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

1985 மாசியில் கும்பகோணம் பக்கத்திலிருந்து தேர்த் தச்சர் ஒருவரை அழைத்து வந்தார்கள். கமிட்டி கொட்டகையிலேயே கூடியது. கொஞ்சம் தள்ளி நாங்கள் சில பெண்கள் நின்றோம். "தாமரப்பூ போட்டுடலாம். பாக்க லட்சணமா இருக்கும், ஒரு வம்பும் இல்ல" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"வேணாம்" என்றார் மாமா. "என்ன இருந்திச்சோ அதையே செய்யச் சொல்லுங்க."

"நீங்களா முசே சொல்றீங்க?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் மூக்கால் சிரித்தார்.

தச்சருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. "செஞ்சிடலாங்க. ஆனா என்ன இருந்திச்சுன்னு எனக்குத் தெரியணும்ல? ஆணி அடிச்ச ஓட்டைதான் இருக்கு. போட்டோ கீட்டோ எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றார்.

யாரிடமும் இல்லை. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்களுக்குத் தெரியும். அன்று அவர் மகளுக்குச் சொன்ன என் வாய், இத்தனை ஆண்களின் முன் ஒட்டிக்கொண்டது.

மாமா தோளிலிருந்து துண்டை எடுத்தார். தலைக்கு மேல் போட்டு, முகம் முழுவதும் மறைய இழுத்துவிட்டுக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வலப்பக்கம் மொதச் சதுரம். ரெண்டு பேரும் நிப்பாங்க. அவ ஒரு கால..." குரல் நின்றது. தச்சர், "சொல்லுங்கய்யா, நான் வேலக்காரன்தானே" என்றார். "ஒரு காலத் தூக்கி அவன் இடுப்புல போட்டுருப்பா. பின்னால ஒரு மாமரம். அதுல கிளி."

ஒன்றுவிடாமல் சொன்னார். ஆணி அடித்த அந்த ஒரே மத்தியானத்தில் பார்த்தது. கையெங்கே, காலெங்கே, யார் மேல் யார் சாய்ந்திருந்தது, எந்தப் பெண்ணின் கொண்டை அவிழ்ந்திருந்தது என்று, பிறந்தவர் பெயரையும் பெற்றோர் பெயரையும் பதிவேட்டிலிருந்து படிப்பது போல வரிசையாகச் சொன்னார். நான் எண்ணெய் போட்டவள். எனக்குக்கூட அந்தக் கிளி மறந்துபோயிருந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தச்சர் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் கோடு இழுத்துக்கொண்டே வந்தார்.

"மூஞ்சி எப்புடிங்கய்யா வைக்கிறது?" என்று கேட்டார். "வெக்கப்படுறாப்புலயா?"

துண்டு மூச்சுக்கு மூச்சு உப்பி அடங்கியது.

"இல்லப்பா" என்றார் மாமா. "ஒரு மூஞ்சியிலயும் வெக்கம் இல்ல. நான் நல்லாப் பாத்தேன்."

தச்சர் எழுந்து இடப்பக்கம் போனார். "இந்தக் கடைசிச் சதுரமும் ஓரம் லேசா தேஞ்சிருக்கே. இதையும் பேத்துட்டுப் புதுசா வச்சிடவா?"

மாமா துண்டை விலக்கினார். முகம் முழுவதும் வேர்த்திருந்தது. நேராகத் தச்சரைப் பார்த்தார்.

"அது எம் மக எண்ணெ போட்டது. அதுல உளி வைக்காத."